மசாஜ் தொழிலில் கேட்பதும் எழுதி வைப்பதும்: முழுமையான வழிகாட்டி

பல சின்ன மசாஜ் நிலையங்களில் பதிவேடு என்று இருப்பது ஒரு டைரி. அதில் ஒரு வரி இருக்கும்: "கீதா அக்கா, முதுகு, 800." பணக் கணக்குக்கு அது போதும். அதே கீதா அக்கா 3 மாதம் கழித்து வந்து படுக்கும்போது, போன முறை எந்தப் பக்கம் இறுகியிருந்தது, எந்த எண்ணெய் போட்டோம், எவ்வளவு அழுத்தம் தாங்கினார், மறுநாள் எப்படி இருந்தார், இடையில் ஏதாவது மாத்திரை ஆரம்பித்தாரா, எதுவும் அந்த வரியில் கிடைக்காது. நினைவில் இருக்கும் என்று நம்பவும் முடியாது. தினமும் 4, 5 பேரைப் பார்ப்பவருக்கு வாரக் கடைசியில் யாருடைய தோள் எது என்பதே கலந்துவிடும்.

இந்தத் தொழிலில் நல்ல பதிவு நல்ல கேள்வியிலிருந்துதான் வருகிறது. தப்பாகக் கேட்டு வாங்கிய பதிலை எவ்வளவு அழகான படிவத்தில் எழுதினாலும் பயன் இல்லை. அதனால் பேச்சையும் எழுத்தையும் பிரிக்காமல், முதல் போன் அழைப்பிலிருந்து பழைய காகிதங்களை அழிப்பது வரை, வேலை நடக்கிற வரிசையிலேயே சொல்கிறேன். தமிழ்நாட்டில் தனியாகவோ 2, 3 பேராகச் சேர்ந்தோ வேலை செய்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. சித்த மருத்துவரின் கீழ் தொக்கணம் (சித்த முறை மசாஜ்) செய்பவர், ஆயுர்வேத நிலையத்தில் அபியங்கம் (எண்ணெய் தேய்ப்பு) செய்பவர், ஸ்வீடிஷ் மசாஜ் கற்றவர், பிரசவித்த வீடுகளுக்குப் போய் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற அம்மாக்கள் என்று யாருக்கும் பொருந்தும்.

படி 1: முதல் போன் அழைப்பு

போனில் விலை சொல்லி, நேரம் கொடுத்து வைத்துவிடுவதுதான் வழக்கம். அதற்கு முன் 4 கேள்வி கேளுங்கள். மசாஜ் யாருக்கு? (மகள் போன் செய்வார், படுக்கப்போவது அம்மாவாக இருக்கும்.) எதற்காக வருகிறார்கள்: வலியா, அசதியா, சும்மா ஓய்வுக்கா? கடந்த 3 மாதத்தில் ஆபரேஷன், ஆஸ்பத்திரி, காய்ச்சல் ஏதாவது உண்டா? செய்பவர் ஆணா பெண்ணா என்பதில் விருப்பம் இருக்கிறதா?

மூன்றாவது கேள்வியை மட்டும் எந்த அவசரத்திலும் விடக்கூடாது. முழங்கால் மாற்று ஆபரேஷன் முடிந்து 20 நாள் ஆன ஒருவர் ஆட்டோ பிடித்து வந்து இறங்கிய பிறகு "உங்களுக்குச் செய்ய முடியாது" என்று திருப்பி அனுப்புவது அவருக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். அப்படிச் சங்கடப்பட்டுத்தான் பல பேர் "சரி, லேசாகச் செய்துவிடலாம்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். போனிலேயே கேட்டிருந்தால் அந்த நெருக்கடியே வராது.

பேசி முடித்ததும் பேசியதை வாட்ஸ்அப்பில் ஒரு முறை அனுப்பிவிடுங்கள்:

"வணக்கம் அக்கா. சனிக்கிழமை காலை 10 மணி, அம்மாவுக்கு, 60 நிமிடம், 1,000 ரூபாய். அம்மா தினமும் போடும் மாத்திரை அட்டைகளையும் டாக்டர் சீட்டையும் கையோடு எடுத்து வரச் சொல்லுங்க. சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது ஆகியிருக்கணும். வர முடியலைன்னா முந்தின நாள் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க."

நேரம், பணம், ரத்து செய்யும் முறை எல்லாம் முன்கூட்டியே எழுத்தில் போய்விட்டால் பின்னால் வாய்த்தகராறு பாதி குறைந்துவிடும்.

வீட்டுக்குப் போய்ச் செய்யும் பெண்களுக்கு இங்கே இன்னொன்று. முதல் முறை போகும் வீட்டில் வேறு யார் இருப்பார்கள் என்று கேட்பதற்குத் தயங்க வேண்டாம். முகவரியையும் லைவ் லொகேஷனையும் உங்கள் வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட்டுப் போங்கள். போனில் பேச்சு வேறு திசையில் போனால் "நாங்கள் அந்த மாதிரி சேவை செய்வதில்லை" என்று ஒரே வரி, அதோடு முடித்துவிடுங்கள். எண்ணையும் தேதியையும் குறித்து வையுங்கள். உங்களோடு வேலை செய்யும் இன்னொரு பெண்ணுக்கு அதே எண்ணிலிருந்து அழைப்பு வரும்போது அந்தக் குறிப்பு உதவும்.

படி 2: ஒரு பக்கப் படிவம்

முதல் சந்திப்புப் படிவம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. பெயர், வயது, போன், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர், என்ன வேலை செய்கிறார், வந்த காரணம், தினசரி மாத்திரைகள், ஆபரேஷன்கள், ஒவ்வாமை, கர்ப்பம், தொட வேண்டாத இடங்கள். அதற்குக் கீழே முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு மனித உருவங்களின் வெளிக்கோடு. கையெழுத்து, தேதி. அவ்வளவுதான்.

ஆதார் எண் கேட்காதீர்கள். மாத வருமானம், சாதி, திருமண நாள் எதுவும் வேண்டாம். தேவையில்லாத தகவலை வாங்கி வைத்தால் அதைப் பாதுகாக்கும் பொறுப்பும் கூடவே வந்துவிடும். என்ன வேலை செய்கிறார் என்பதை மட்டும் கட்டாயம் கேளுங்கள். திருப்பூரில் நாள் முழுக்கத் தையல் மிஷினில் குனிந்திருப்பவரின் தோள்வலியும், பைக்கில் உணவு டெலிவரி செய்பவரின் தோள்வலியும் ஒரே மாதிரி நடத்தக் கூடியவை அல்ல.

படிவத்தைக் கையில் கொடுத்து "நிரப்புங்க" என்று விட்டுவிடாதீர்கள். கண்ணாடி எடுத்து வராதவர் இருப்பார், எழுதக் கூச்சப்படுபவர் இருப்பார். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் போட்டுக் கொடுப்பவர்களே அதிகம். நீங்கள் கேட்டு நீங்களே எழுதுங்கள். 7, 8 நிமிடம் ஆகும். அதை மசாஜ் நேரத்தில் கழிக்காமல் முதல் சந்திப்புக்கு மட்டும் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

இடமும் முக்கியம். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பெண்ணிடம் "மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கா?" என்று கேட்டால் உண்மையான பதில் வராது. "கொஞ்சம் உள்ளே வாங்க, 2 விஷயம் கேட்கணும்" என்று தனியாக அழைத்துக் கேளுங்கள்.

படி 3: மாத்திரை அட்டையைப் பார்ப்பது

"உங்களுக்கு ஏதாவது நோய் இருக்கா?" என்பது வீணான கேள்வி. நம் ஊரில் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற பலர் "பிரஷர் இல்லீங்க" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மாத்திரை போடுவதால் நார்மலாக இருக்கிறது, அதனால் இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். சுகருக்கும் இதே கதைதான். ஆகவே கேள்வியை மாற்றுங்கள்: "காலையில எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் என்னென்ன மாத்திரை போடுறீங்க? அட்டையைக் காட்டுங்க." நோயின் பெயர் தெரியாதவருக்கும் மாத்திரையின் நிறம் தெரியும். லேகியம், கஷாயம், சித்த மருந்து பற்றியும் தனியாகக் கேளுங்கள். பலர் அவற்றை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அட்டையில் எதைத் தேட வேண்டும்? முதலில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகள். வார்ஃபரின், அசிட்ரோம், க்ளோபிடோக்ரெல், எக்கோஸ்ப்ரின் என்ற பெயரில் வரும் குறைந்த அளவு ஆஸ்பிரின் ஆகியவை அடிக்கடி கண்ணில் படும். இவற்றைச் சாப்பிடுபவருக்கு ஆழமாக அழுத்தினால் உள்ளே ரத்தம் கசிந்து பெரிய நீலத்தழும்பு வரலாம். வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுபவருக்கு டாக்டரிடம் கேட்காமல் அழுத்தி மசாஜ் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது சுகர் மாத்திரை அல்லது இன்சுலின். 10, 15 வருடமாகச் சுகர் இருப்பவரின் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். சூடான கிழி (மருந்துப் பொருள் கட்டிய துணி மூட்டை) வைத்தால் சுடுவதே தெரியாது. தோல் வெந்த பிறகுதான் தெரியும், சுகர் உள்ளவருக்கு அந்தப் புண் ஆறவும் நாளாகும். கண்ணை மூடச் சொல்லி, ஒரு பஞ்சால் பாதத்தின் பல இடங்களைத் தொட்டு "இப்ப தெரியுதா?" என்று கேளுங்கள். தெரியாத இடத்தைப் படத்தில் கோடிட்டு "சூடு கூடாது" என்று எழுதுங்கள். உணர்ச்சி இருக்கிறவருக்கும் எண்ணெயின் சூட்டை உங்கள் முன்கையில் சோதித்த பிறகே போட வேண்டும்.

நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவருக்குத் தோல் மெலிந்தும் எலும்பு பலவீனமாகவும் இருக்கலாம். பிரஷர் மாத்திரை எடுப்பவர் படுத்திருந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். வருவதற்கு முன் வலி மாத்திரை போட்டவருக்கு அழுத்தம் எவ்வளவு தாங்குகிறது என்று சரியாகச் சொல்ல வராது. இந்த மூன்றையும் பதிவில் ஒரு வரியாவது எழுதிவிட்டால் அழுத்தம் எவ்வளவு என்பதைக் கை தானாகவே சரிசெய்துகொள்ளும்.

மசாஜே செய்யாமல் உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டிய நிலைகளை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருப்பது அதில் முதலாவது. குறிப்பாக ஆபரேஷன், பிரசவம், நீண்ட படுக்கை, நீண்ட பயணத்துக்குப் பிறகு வந்தால் உள்ளே ரத்தக் கட்டி இருக்கலாம். அதைத் தேய்த்தால் கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைக்கும் அபாயம் உண்டு. இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது அல்லது தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது இரண்டாவது. முதுகுவலியோடு காய்ச்சல் அல்லது காரணம் தெரியாத எடைக் குறைவு மூன்றாவது. நெஞ்சு அழுத்தம், இடது கை வலி, வியர்வை என்று ஒருவர் "வாயுப் பிடிப்பு, கொஞ்சம் தேய்ச்சு விடுங்க" என்று வந்தால் தேய்க்காதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

படி 4: வலியை அவருடைய சொல்லிலேயே எழுதுவது

நம் மொழியில் வலிக்கு இருக்கும் சொல்வளம் இந்தத் தொழிலுக்குப் பெரிய வரம். குத்துது, குடையுது, எரியுது, இழுக்குது, கடுக்குது, உளையுது, மரத்துப்போகுது, மதமதங்குது, விண்விண்ணுன்னு தெறிக்குது, சுளீர்னு ஓடுது. ஒவ்வொன்றும் வேறு வேறு செய்தி. இடுப்பிலிருந்து கால் வரைக்கும் சுளீர் என்று ஓடுவது, எரிச்சல், மதமதப்பு எல்லாம் நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம் என்று எச்சரிக்கும். ஒரே இடத்தில் சூட்டோடு விண்விண் என்று தெறித்தால் அழற்சியோ சீழோ இருக்கலாம், கை வைக்கக் கூடாது. நாள் முழுக்க வேலை செய்துவிட்டு உளைச்சல், கடுப்பு என்று வந்தால் பெரும்பாலும் தசைக் களைப்பு.

இவை எல்லாவற்றையும் "வலி" என்று ஒரே சொல்லாகச் சுருக்கி எழுதினால் அந்தச் செய்தி தொலைந்துவிடுகிறது. அடுத்த முறை வரும்போது "போன தடவை குடைச்சல்னு சொன்னீங்க, இப்பவும் அதேதானா?" என்று கேட்டுப் பாருங்கள். "இல்லீங்க, இப்ப மரமரன்னு இருக்கு" என்று பதில் வந்தால், அந்த மாற்றமே டாக்டரிடம் அனுப்பப் போதுமான காரணம்.

வலியை 0 முதல் 10 வரை எண்ணில் கேட்பது உலகம் முழுக்க உள்ள பழக்கம், நல்லதும்தான். ஆனால் நம் வாடிக்கையாளர்களில் பலர் எண்ணைக் கேட்டதும் திகைப்பார்கள், அல்லது மரியாதைக்காக "பரவாயில்ல, 5 போட்டுக்கங்க" என்பார்கள். அதனால் எண்ணோடு ஒரு வேலையையும் கேளுங்கள். கொடியில் துணி போட முடிகிறதா? தரையில் உட்கார்ந்து கையூன்றாமல் எழ முடிகிறதா? டவுன் பஸ் படி ஏறுவது எப்படி இருக்கிறது? மாவு பிசைய முடிகிறதா? 3 வாரம் கழித்து "இப்போ கொடியில் துணி போடுறேன்" என்று அவர் சொல்வது எந்த எண்ணையும்விட நம்பகமான பதிவு.

படி 5: ஒப்புதல்

படிவத்தின் கீழே வாங்கும் கையெழுத்து ஒப்புதலின் தொடக்கம் மட்டும்தான். எந்த இடங்களைத் தொடுவோம், எந்த உடையைக் கழற்ற வேண்டியிருக்கும், எந்தப் பகுதி துணியால் மூடியே இருக்கும், அறையில் யார் இருப்பார்கள், எந்த எண்ணெய் போடுவோம் என்று வாயால் சொல்லுங்கள். "இடுப்புக்குக் கீழே பின்பக்கத் தசையையும் பிடிக்கணும், துணி மேலேயே செய்யலாம், சரியா? வேண்டாம்னா விட்டுடலாம்" என்பது மாதிரி. 'வேண்டாம்' என்ற வழியை நீங்களே திறந்து காட்ட வேண்டும். நம் ஆட்கள், அதிலும் பெண்கள், வயதானவர்கள், "தப்பா நினைச்சுக்குவாங்களோ" என்று பொறுத்துக்கொண்டே படுத்திருப்பார்கள்.

எண்ணெய் ஒவ்வாமையைத் தனியாகக் கேளுங்கள். எள், கடுகு, பாதாம், கடலை எண்ணெய்களுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் உண்டு. புது எண்ணெயை முன்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு தேய்த்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். பயன்படுத்திய எண்ணெயின் பெயரையும், கடையில் வாங்கியதானால் பாட்டிலில் இருக்கும் தொகுதி எண்ணையும் (பேட்ச் நம்பர்) குறித்துக்கொள்ளுங்கள்.

18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்குப் பெற்றோர் கையெழுத்தும், அறைக்குள் பெற்றோரில் ஒருவரும் வேண்டும். இதில் விதிவிலக்கே கிடையாது.

படி 6: மேசையில் படுத்த பிறகு

இங்கே பேச்சு குறைவாக இருப்பதுதான் நல்லது. ஆரம்பித்த 5 நிமிடத்தில் ஒரு முறை, புது இடத்துக்குப் போகும்போதெல்லாம் ஒரு முறை கேளுங்கள். "அழுத்தம் சரியா?" என்றால் "சரி" என்றுதான் பதில் வரும். "இன்னும் குறைக்கவா, கூட்டவா, இப்படியே இருக்கட்டுமா?" என்று கேட்டால் தேர்ந்தெடுத்துச் சொல்வார்கள். வாய் சொல்லாததை உடம்பு சொல்லும். மூச்சைப் பிடித்துக்கொள்வது, கால்விரல் சுருங்குவது, கை மூடுவது எல்லாம் 'குறையுங்கள்' என்றுதான் பொருள்.

படுத்திருக்கும்போது மனிதர்கள் மனம் திறப்பார்கள். வீட்டுச் சண்டை, கடன், பிள்ளைகளின் கவலை என்று வரும். கேட்டுக்கொள்ளுங்கள், அறிவுரை வேண்டாம். அவற்றைப் பதிவில் எழுதவும் வேண்டாம். "இந்த மாதம் தூக்கம் குறைவு, மன அழுத்தம் அதிகம் என்றார்" என்று எழுதினால் போதும், காரணம் அவருக்கு மட்டும் சொந்தம். கணவர் அடித்த தழும்பு என்று ஒரு பெண் சொன்னால் மட்டும் நிலைமை வேறு. பெண்களுக்கான 181 உதவி எண்ணைத் தனியாக இருக்கும்போது சொல்லுங்கள், அவர் சம்மதம் இல்லாமல் வேறு யாரிடமும் பேசாதீர்கள்.

படி 7: அன்றைய குறிப்பு

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். அடுத்த ஆள் உள்ளே வருவதற்கு முன்னால், கை கழுவிய கையோடு, 4 நிமிடத்தில் எழுதிவிட வேண்டும். ராத்திரி எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எழுத மாட்டீர்கள். எழுதினாலும் கலந்து எழுதுவீர்கள்.

மருத்துவ உலகில் இதற்கு ஒரு வடிவம் உண்டு. அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் 1960-களில் கொண்டுவந்தது: நோயாளி சொன்னது, மருத்துவர் கண்டது, மருத்துவரின் கணிப்பு, அடுத்த திட்டம் என்று நான்கு பகுதி. வெளிநாடுகளில் மசாஜ் பள்ளிகளிலும் இதையே கற்றுத்தருகிறார்கள். நமக்கு மூன்றாவது பகுதியில் சிக்கல் இருக்கிறது. "டிஸ்க் விலகியிருக்கிறது", "நரம்பு அழுந்தியிருக்கிறது" என்று கணிப்பு எழுத நாம் மருத்துவர் இல்லை. ஸ்கேனைப் பார்க்காமல் அப்படி எழுதிவைத்தால், அதைப் படிக்கிறவர் உண்மை என்றே எடுத்துக்கொள்வார். அதனால் நான் சொல்லும் நான்கு பகுதி: சொன்னது, பார்த்தது, செய்தது, அடுத்தது. ஒரு மாதிரி:

"மார்ச் 12, மாலை 5 மணி, 60 நிமிடம்.

சொன்னது: வலது தோளில் 2 வாரமாகக் குடைச்சல். மிஷினில் உட்கார்ந்து 3 மணி நேரத்தில் ஆரம்பிக்கிறது. கொடியில் துணி போட முடியவில்லை. வலி 10-க்கு 6. மாத்திரையில் மாற்றம் இல்லை.

பார்த்தது: வலது தோள் இடது தோளைவிட உயர்ந்து நிற்கிறது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறுக்கம், அழுத்தினால் அதே குடைச்சல் வருவதாகச் சொன்னார். கை தலைக்கு மேல் போகிறது, கடைசியில் வலி. வீக்கம், சூடு, காயம் இல்லை.

செய்தது: நல்லெண்ணெய், மிதமான அழுத்தம். கழுத்து, இரு தோள்கள், மேல்முதுகு 45 நிமிடம், வலது கை 15 நிமிடம். வலது தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில் குறைக்கச் சொன்னார், குறைத்தேன். முடிந்ததும் வலி 10-க்கு 3.

அடுத்தது: ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை மிஷினிலிருந்து எழச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து வருவார். 2 முறைக்குப் பிறகும் குடைச்சல் குறையாவிட்டால் எலும்பு டாக்டரைப் பார்க்கச் சொல்ல வேண்டும்."

இதில் கவனிக்க வேண்டியவை சில. "நன்றாக இருந்தது", "திருப்தி" போன்ற சொற்கள் இல்லை. அவர் குறைக்கச் சொன்னதும் நாம் குறைத்ததும் பதிவாகியிருக்கிறது. பின்னால் ஏதாவது கேள்வி வந்தால் இந்த ஒரு வரிதான் உங்களுக்குத் துணை. 'அடுத்தது' பகுதியில், எப்போது கையை விட்டு டாக்டரிடம் அனுப்புவோம் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. வருமானத்துக்காக இழுத்துக்கொண்டே போகும் ஆசைக்கு அது ஒரு கடிவாளம்.

சுருக்கெழுத்தில் கவனம் தேவை. அவசரத்தில் 'வ' என்று எழுதுவோம். அது வலதா, வலியா, வயிறா? 'இ' என்றால் இடதா, இடுப்பா? பக்கத்தை எப்போதும் முழுச் சொல்லாக எழுதுங்கள். படத்தில் குறிக்கும்போதும் அப்படியே: முன்பக்க உருவத்தில் அவருடைய வலது கை காகிதத்தின் இடப்பக்கம் வரும், பின்பக்க உருவத்தில் வலப்பக்கம் வரும். படிவத்தை அச்சடிக்கும்போதே இரண்டு உருவத்திலும் வலது, இடது என்று போட்டுவிட்டால் குழப்பமே இல்லை.

நீல அல்லது கருப்புப் பேனாவில் எழுதுங்கள், பென்சில் வேண்டாம். தப்பாக எழுதியதை வெள்ளை மை பூசி மறைக்காமல், படிக்கும்படி ஒற்றைக் கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியும் சுருக்கொப்பமும் போடுங்கள். பிறகு நினைவுக்கு வந்ததைச் சேர்க்க வேண்டுமானால் "பின்னர் சேர்த்தது" என்று அன்றைய தேதியோடு சேர்க்கலாம்.

படி 8: மறுநாள் செய்தி

மறுநாள் ஒரு செய்தி அனுப்புங்கள்: "நேத்து மசாஜுக்கு அப்புறம் எப்படி இருக்கீங்க? லேசான வலி ஒன்றிரண்டு நாள் இருக்கலாம். வீக்கம், நீலத்தழும்பு, மரத்துப்போறது ஏதாவது இருந்தா உடனே சொல்லுங்க." பதில் வந்ததும் அதை அவர் பக்கத்தில் எழுதிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் கிடக்கும் பதில் பதிவு ஆகாது. போன் மாறினால் போய்விடும்.

தொழிலுக்குத் தனி எண், அதில் வாட்ஸ்அப் பிசினஸ். அடிக்கடி அனுப்பும் செய்திகளை அதில் சேமித்து வைக்கலாம், வாடிக்கையாளர்களை லேபிள் போட்டுப் பிரிக்கலாம், வேலை நேரம் முடிந்தபின் தானாகப் பதில் போகச் செய்யலாம். செய்தி எழுதும்போது ஒன்றை மனதில் வையுங்கள்: நம் வீடுகளில் ஒருவர் போனைக் குழந்தையிலிருந்து தாத்தா வரை எல்லோரும் எடுப்பார்கள். "உங்க கர்ப்பப்பை ஆபரேஷன் தழும்பு எப்படி இருக்கு?" என்று எழுதினால் வீடு முழுக்கப் படிக்கும். அந்தரங்கமானதைப் போனில் பேசுங்கள்.

வாடிக்கையாளர்களை ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பதை அடியோடு நிறுத்த வேண்டும். ஒருவர் உங்களிடம் வருவதே அவருடைய தனிப்பட்ட விஷயம். சலுகை அறிவிக்க வேண்டுமானால், விருப்பம் கேட்டவர்களுக்கு மட்டும் பிராட்காஸ்ட் பட்டியல் வழியாக அனுப்புங்கள். ஸ்டேட்டஸில் "பக்கவாதம், சர்க்கரை நோய் முழுமையாகக் குணமாகும் எண்ணெய்" என்று போடவும் கூடாது. 1954-இலிருந்தே அந்த மாதிரி மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் மத்தியச் சட்டம் இருக்கிறது.

படி 9: டாக்டருக்கு ஒரு சீட்டு

"டாக்டரைப் பாருங்க" என்று வாயால் சொன்னால் பாதிப் பேர் போக மாட்டார்கள். கையில் ஒரு சீட்டு கொடுத்தால் போவார்கள். 5 வரி போதும்: யார், வயது, எத்தனை முறை வந்தார், அவர் சொன்ன மாற்றம், நீங்கள் பார்த்தது. "தயவுசெய்து பார்த்து, மசாஜ் தொடரலாமா என்று தெரிவிக்கவும்" என்று முடியுங்கள். நோயின் பெயரை ஊகித்து எழுத வேண்டாம். கொடுத்ததன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் சம்மதம் இல்லாமல் நீங்களே டாக்டருக்குப் போன் செய்யக் கூடாது, உயிர் ஆபத்து நேரம் தவிர.

படி 10: ஏதாவது நடந்துவிட்டால்

வழுக்கி விழுந்தார், எண்ணெய் சுட்டது, தோலில் தடிப்பு வந்தது என்றால் முதலில் அவரைக் கவனியுங்கள். பிறகு அன்றே தனித் தாளில் எழுதுங்கள்: நேரம், இடம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள், என்ன முதலுதவி, யாரிடம் சொன்னோம். "என் கவனக்குறைவு", "அவர் சொன்னதைக் கேட்கவில்லை" போன்ற தீர்ப்புகள் அந்தத் தாளில் வேண்டாம். வாயால் மன்னிப்புக் கேட்பது வேறு விஷயம். தாராளமாகக் கேளுங்கள், மனிதத்தன்மை அதுதான்.

புகார் வந்தால் வாட்ஸ்அப்பில் வாதாடாதீர்கள். "நீங்க சொன்னதை எழுதிக்கிட்டேன், நாளைக்கு 11 மணிக்குள்ள கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு, அந்த நேரத்துக்குக் கட்டாயம் கூப்பிடுங்கள். சொன்ன நேரத்தில் கூப்பிட்டாலே பல புகார்கள் தணிந்துவிடும்.

படி 11: காகிதமா, போனா? சட்டம் என்ன சொல்கிறது?

தனியாக வேலை செய்பவருக்குக் காகிதக் கோப்பே போதும். ஒருவருக்கு ஒரு கோப்பு, வரிசை எண், பூட்டுள்ள அலமாரி. கோப்பின் மேல் எண்ணை மட்டும் எழுதி, எண் யாருடையது என்ற பட்டியலை வேறு இடத்தில் வையுங்கள். வரவேற்பு மேசையில் திறந்து கிடக்கும் ஒரே நோட்டில் எல்லோருடைய குறிப்பையும் எழுதுவதுதான் மோசமான முறை. அடுத்தவர் கையெழுத்துப் போட வரும்போது முந்தினவரின் உடம்பு விவரம் முழுவதும் கண்ணில் படும்.

கணினியிலோ போனிலோ வைப்பதானால் இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 உங்களுக்கும் பொருந்தும். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. காகிதத்தில் மட்டும் இருப்பது இந்தச் சட்டத்துக்குள் வராது, ஆனால் அந்தக் காகிதத்தைப் போட்டோ எடுத்துப் போனில் போட்ட நிமிடத்தில் வந்துவிடும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

சட்டம் கேட்பதன் சாரம் எளிது. என்ன தகவலை எதற்காக வாங்குகிறோம் என்று தெளிவாகச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். கேட்டால் தமிழிலும் அதைத் தர வேண்டும். சம்மதம் கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். 18 வயதுக்குட்பட்டவரின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். தகவல் கசிந்தால் சம்பந்தப்பட்டவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறியதற்கு உச்ச அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். நம்மைப் போன்ற சிறியவர்களுக்கு அந்த அளவு வரும் என்று பயமுறுத்தச் சொல்லவில்லை. சட்டம் இதை எவ்வளவு கனமாக எடுத்துக்கொள்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். நடைமுறையில் செய்ய வேண்டியவை: போனுக்குப் பூட்டு, வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் கேலரியில் தானாக இறங்குவதை நிறுத்துவது, பிள்ளைகள் விளையாடும் போனில் வாடிக்கையாளர் விவரம் வைக்காமல் இருப்பது, வேலையை விட்டுப் போனவரின் பாஸ்வேர்டை அன்றே மாற்றுவது.

கேமரா பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்பாக்களில் கேமரா வைக்கச் சொல்லி 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு உத்தரவு வந்தது. அடுத்த மாதமே மதுரைக் கிளையில், ஸ்பாவுக்குள் கேமரா வைப்பது ஒருவரின் உடல் சார்ந்த அந்தரங்க உரிமையைப் பாதிக்கும் என்று வேறொரு நீதிபதி தீர்ப்பளித்தார். 2017-இல் உச்ச நீதிமன்றம் புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்ததே அதற்கு அடித்தளம். வாசலிலும் வரவேற்பிலும் கேமரா இருக்கட்டும், உங்கள் ஊர் உரிமத்தின் நிபந்தனையையும் பாருங்கள். மேசை இருக்கும் அறைக்குள் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். 'முன், பின்' புகைப்படம் எடுப்பதும் அப்படியே. எழுத்தில் தனிச் சம்மதம் இல்லாமல் ஒரு படம்கூட எடுக்கக் கூடாது.

படி 12: எத்தனை வருடம் வைத்திருப்பது?

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் வழக்குப் போடலாம். அலோபதி மருத்துவர்களுக்கான 2002 நெறிமுறை விதிகள் உள்நோயாளிப் பதிவுகளை 3 வருடம் வைக்கச் சொல்கின்றன, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவும் சொல்கின்றன. அந்த விதி நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் நல்ல அளவுகோல். கடைசியாக வந்த நாளிலிருந்து 3 வருடம் வையுங்கள். அசம்பாவிதம் நடந்த கோப்பை இன்னும் நீண்ட நாள் வையுங்கள். வாடிக்கையாளர் தன் பதிவைக் கேட்டால் நகல் கொடுங்கள், அசல் உங்களிடமே இருக்கட்டும். கணவர் கேட்டாலும், மகன் கேட்டாலும், முதலாளி கேட்டாலும் அவருடைய எழுத்துச் சம்மதம் வேண்டும். நீதிமன்றமோ காவல்துறையோ முறைப்படி எழுத்தில் கேட்டால் அதைக் கொடுத்து, கொடுத்ததன் பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள்.

காலம் முடிந்த கோப்புகளைப் பழைய பேப்பர்க் கடையில் எடை போடாதீர்கள். பஜ்ஜி மடிக்கும் காகிதமாக யாருடைய ஆபரேஷன் விவரமும் வெளியே போகக் கூடாது. கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்குங்கள், அல்லது துண்டாக்கும் மெஷினில் போடுங்கள். எந்த எண் கோப்புகள் எந்தத் தேதியில் அழிக்கப்பட்டன என்று ஒரு வரி எழுதி வையுங்கள். நீங்கள் ஊர் மாறினாலோ தொழிலை நிறுத்தினாலோ, ஒரு மாதம் முன்னால் எல்லோருக்கும் செய்தி அனுப்பி, தங்கள் பதிவின் நகல் வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வேறொருவரிடம் அவர்களை ஒப்படைப்பதானால், அவரவர் சம்மதம் சொன்ன கோப்பு மட்டும் கைமாறட்டும்.